இஸ்ஸதீன் நானாவின் மொழிபெயர்ப்பு

கொய்யாமலைச் சந்தியில் மொத்தமே ஒன்பது கடைகள்தான். நான்காவது கடை இஸ்ஸதீனுடையது. தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த படங்கு, குடை, ரப்பர் சப்பாத்து, டோர்ச் பட்டரி, இவ்வளவுதான் வியாபாரம். ஆனால் காலை எட்டு மணிக்குக் கடைப் பலகையைத் திறக்கும்போது வாசலில் நிற்பவர்கள் படங்கு வாங்க வந்தவர்களாக இருந்தால் அது அதிசயம். கையில் ஒரு கடித உறை இருக்கும். முகத்தில் ஒரு கலக்கம் இருக்கும்.

"நானா, இதுல என்னா எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

கடிதம் சிங்களத்தில் இருக்கும். வேறு எதில் இருக்கும்? தமிழும் அரச கரும மொழிதான் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் கொழும்பில் இருக்கிறது, கடிதம் கொய்யாமலைக்கு வருகிறது. வருகிற கடிதத்துக்குப் பதில் எழுத ஆள் வேண்டும். அரசாங்கக் கந்தோருக்குப் போனால் கூடவே பேச ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்பதற்கும், பொலிசில் முறைப்பாடு எழுதுவதற்கும் ஆள் வேண்டும். சந்தியைச் சுற்றியுள்ள நான்கு தோட்டத்துக்கும் அந்த ஆள் முப்பத்துநான்கு வருடமாக இஸ்ஸதீன்தான்.

அவர் பிறந்தது வலப்பனையில். வாப்பாவின் புடைவைக் கடைக்கு இரண்டு பக்கமும் சிங்களக் கடைகள். பள்ளிக்கூடமும் சிங்களப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ் பேசினார், வெளியே வந்தால் விளையாடியதும் சண்டை பிடித்ததும் வாய்ப்பாடு ஒப்பித்ததும் எல்லாமே சிங்களத்தில். இருபத்துமூன்று வயதில் ஸுலைஹாவைக் கல்யாணம் முடித்து, மாமனாரின் படங்குக் கடையைப் பார்க்கக் கொய்யாமலைக்கு வந்து சேர்ந்தார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிள்ளையின் பிறப்பைப் பதிய முடியாமல் அலைந்துகொண்டிருந்த ஒரு தோட்டத்து மனிதர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கந்தோருக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நடந்ததை இஸ்ஸதீன் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பார். அந்த மனிதர் மேசைக்கு முன்னால் நின்று கத்தினார். "நாலு தடவ வந்துட்டேன். ஒவ்வொரு தடவயும் ஒரு நாள் பேர் போகுது, சம்பளம் போகுது. இவனெல்லாம் மனுசனா மாடா, கேளுங்க." எழுதுவினைஞர் தலையை நிமிர்த்தி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். இஸ்ஸதீன் அவசரமாக நடுவில் புகுந்தார். வாயில் வந்ததைச் சொன்னார்: "ஐயாவுக்கு வேலை அதிகம் என்று தெரியுமாம். நான்கு தடவை வந்துவிட்டாராம். ஐயாதான் மனது வைக்க வேண்டுமாம்." எழுதுவினைஞர் சிரித்தார். பதிவுப் புத்தகத்தை எடுத்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

மாடு என்று சொன்னவருக்கும் மகிழ்ச்சி, மாடு என்று சொல்லப்பட்டவருக்கும் மகிழ்ச்சி. அன்று கற்றுக்கொண்டதைத்தான் அதற்குப் பிறகு அவர் விடவே இல்லை.

"மொழிபெயர்க்கிறதுன்னா என்ன தெரியுமா? மீன்ல முள்ள எடுத்துட்டுக் குடுக்கிறது. முள்ளோட குடுத்தா தின்னுறவனுக்குத் தொண்டையில சிக்கும். அப்புறம் அவன் ஒங்களுக்கு வேலை செய்வானா?" என்று கடையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார். கேட்டவர்களும் தலையாட்டுவார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது முள்ளைப் பற்றி யாருக்கு என்ன கவலை.

அவருக்கு இருந்த குறை வேறு. இத்தனை வருடம் மொழிபெயர்த்தும் அந்தத் தொழிலின் பெயரால் அவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. சந்தியில் அவர் 'லெட்டர் நானா'. தோட்டத்தில் 'சிங்களம் தெரிஞ்ச நானா'. கந்தோர்ப் புத்தகங்களில் 'உடன் வந்தவர்'. மொழிபெயர்ப்பாளர் என்ற சொல்லை அவர் தனியாக இருக்கும்போது மெதுவாகச் சொல்லிப் பார்ப்பார். வாய் நிறைய இருக்கும். கடைக்கு முன்னால் அப்படி ஒரு பலகை போட வேண்டும் என்று ஆசை. போட்டால் கந்தோர்க்காரர்கள் கேட்பார்கள்: சத்தியப்பிரமாணம் செய்தவரா, முத்திரை எங்கே?

முத்திரைக்காக ஒரு தடவை பரீட்சையும் எழுதினார். சிங்களத்தில் தேறிவிட்டார். தமிழில் கோட்டை விட்டார். சிங்களப் பள்ளியில் படித்தவருக்கு எழுத்துத் தமிழ் எங்கிருந்து வரும்? "எண்ட சொந்த மொழியிலேயே என்ன ஃபெயில் ஆக்கிட்டானுகள்" என்று ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தார். ஸுலைஹா சமாதானம் சொல்லவில்லை. "ஓசியில செய்ற வேலைக்கு என்னத்துக்கு முத்திரை" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

இந்த எரிச்சலோடுதான் அவர் இந்த வருடம் செப்டம்பர் மாதத்தில் ஏழாம் லயத்துக்குப் போனார்.

கொய்யாமலைத் தோட்டத்தின் ஏழாம் லயத்தில் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. பன்னிரண்டு குடும்பம். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு. அந்த மேட்டின் உச்சியில் இரண்டு வருடத்துக்கு முன் மெல்லிய கோடாகத் தொடங்கிய வெடிப்பு இப்போது கை நுழைகிற அகலம். மே மாத மழையில் மூன்று காம்பராவின் அடுப்படியில் நிலத்துக்குள்ளிருந்து தண்ணீர் ஊறியது. தோட்டத்து ஒபீசில் சொன்னால் அரசாங்கத்திடம் போகச் சொன்னார்கள். அரசாங்கத்திடம் போனால் தோட்டத்திடம் கேட்கச் சொன்னார்கள். இப்படியே பந்தாடி, கடைசியில் ஒருவழியாக மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் நேரில் வருவதாக ஆயிற்று. மாரி மழை பிடிப்பதற்கு முன்னால் அப்புறப்படுத்த வேண்டிய வீடுகளின் பட்டியல் ஒன்று அவர் கையில் இருந்தது. அதில் ஏழாம் லயம் ஏறினால், விளையாட்டு மைதானத்துப் பக்கத்துச் சமநிலத்தில் தற்காலிகக் கொட்டில் கிடைக்கும். ஏறாவிட்டால் அந்த மேட்டுக்குக் கீழேயே படுக்க வேண்டியதுதான்.

அதிகாரி இளைஞர். மரியாதையானவர். தமிழ் ஒரு சொல்லும் வராது. லயத்துச் சனங்களுக்காகப் பேசியது இரண்டாம் காம்பரா நாகலெட்சுமி. நாற்பத்தாறு வயது, இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து எடுப்பவள், புருசன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அடிவயிற்றிலிருந்து பேசுகிற குரல் அவளுக்கு. நடுவில் இஸ்ஸதீன் நின்றார்.

"மேல ஏறி வந்து வெடிப்பப் பாக்கச் சொல்லுங்க. பாக்காம எப்புடி எழுதுவாரு?" என்றாள் நாகலெட்சுமி.

அதிகாரி மேட்டைப் பார்த்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது, புல் முழுக்க அட்டை. இஸ்ஸதீன் சிங்களத்தில் சொன்னார்: "ஐயாவுக்கு நேரம் இருந்தால் மேலே ஒரு வெடிப்பு இருக்கிறதாம், பார்க்கலாமாம்."

நேரம் இல்லை, இன்னும் நான்கு தோட்டம் இருக்கிறது, கீழேயிருந்தே படம் எடுத்துக்கொள்கிறேன் என்றார் அதிகாரி.

"இந்த மழைக்கு இது வந்துரும். ராத்திரியில நாங்க கண்ண மூடுறது இல்ல. புள்ளைங்கள துணியோட, சப்பாத்தோட படுக்க வைக்கிறோம். இங்க இனி ஒரு மாசம்கூட இருக்க மாட்டோம். இருக்கச் சொன்னா அவரு புள்ளய கூட்டிட்டு வந்து இங்க ஒரு ராத்திரி படுக்க வைக்கட்டும். பன்னெண்டு வீட்டுல ஒரு உசுரு போனாலும் எழுதாம போனவங்கதான் அதுக்குப் பதில் சொல்லணும். அப்புடியே சொல்லுங்க நானா."

அதிகாரி எழுதுகோலோடு காத்திருந்தார். அவர் பிள்ளையை இழுத்துப் பேசியதை எப்படிச் சொல்வது? இளரத்தம், ஒருவேளை முகம் சுண்டிப் போய்ப் புத்தகத்தை மூடிவிட்டால்? இஸ்ஸதீனின் நாக்கு முப்பத்துநான்கு வருடப் பழக்கத்தில் தானாகவே வேலை செய்தது. "மழைக்காலத்தில் கொஞ்சம் சிரமமாக இருக்கிறதாம். பின்சுவர் நனைகிறதாம். முடியுமென்றால் ஐயா ஏதாவது செய்து கொடுத்தால் பெரிய உதவியாம்."

"அதுவரை இங்கே இருப்பதில் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டார் அதிகாரி.

இதை இஸ்ஸதீன் நாகலெட்சுமியிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அவள் இன்னும் கத்துவாள். "பெரிய பிரச்சினை இல்லை ஐயா, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு நல்லது" என்று அவரே சொல்லிவிட்டார். அதிகாரி அவரை நன்றியோடு பார்த்துவிட்டு, உங்கள் சிங்களம் மிக நன்றாக இருக்கிறது என்றார். இஸ்ஸதீன் வீட்டுக்கு வந்து இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் ஸுலைஹாவிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஒக்டோபர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. நாகலெட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, கூடையைக்கூட இறக்காமல் நேரே கடைக்கு வந்தார்கள். இஸ்ஸதீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரித்தார்.

'குடியிருப்பாளர்கள் தற்போதைய வீடுகளில் தொடர்ந்து வசிப்பதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. பின்சுவர் நனைவதாகக் கூறி, திருத்தித் தருமாறு கேட்டுள்ளனர். உடனடி அப்புறப்படுத்தல் அவசியமில்லை. சுவர் பூசும் வேலைக்காகத் தோட்ட நிர்வாகத்துக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.'

இரண்டாம் தடவையும் வாசித்தார். அதில் இருந்த ஒவ்வொரு வார்த்தையும் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரிந்தது. அதிகாரி ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இஸ்ஸதீன் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். இஸ்ஸதீனின் காது சுட்டது.

"என்னா நானா போட்டுருக்கு?"

"பரிசீலிக்கிறாங்களாம்" என்றார் இஸ்ஸதீன்.

"அப்புடின்னா?"

"பாத்துக்கிட்டு இருக்காங்களாம். முடிவு வருமாம்."

"எத்தன நாள்ல?"

"கொஞ்ச நாள் ஆகும். கடிதத்த இங்க வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்."

நாகலெட்சுமி கடிதத்தை வாங்கி, மடித்து, பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டாள். "வீட்டுல இருக்கட்டும் நானா. எங்க பேருக்கு வந்தது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் அப்போதே சொல்லியிருக்கலாம். கூப்பிட்டு, நாகலெட்சுமி, தப்பு நடந்துபோச்சு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் வாயாக இருந்த மனிதருக்குத் தன் விசயத்தில் வாய் செத்துப்போனது.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். மறுநாளே பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனார். அந்த அதிகாரி வெளிவேலை. அடுத்த நாள் போனார். பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். மூன்றாம் தடவை போனபோது மேசையிலிருந்த பெண் கேட்டாள், நீங்கள் அந்த லயத்தில் இருப்பவரா? இல்லை. தோட்ட நிர்வாகமா? இல்லை. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரா? அதுவும் இல்லை. அப்படியென்றால் நீங்கள் யார்?

நல்ல கேள்விதான். அங்கேயே வாங்கில் உட்கார்ந்து தன்னுடைய அழகான சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினார். கௌரவ ஐயா அவர்களுக்கு, தாழ்மையுடன் அறியத்தருவது, தங்கள் பொன்னான நேரத்தில், முடியுமாயின் மீண்டும் ஒருமுறை. அந்தப் பெண் அதில் முத்திரை குத்தி, மேசையோரமிருந்த ஒரு கட்டின் அடியில் சொருகினாள். அந்தக் கட்டு முழுவதும் அதே மாதிரிக் கடிதங்கள். எல்லாமே தாழ்மையுடன் அறியத்தருபவை. அவற்றில் எத்தனை தன் கையெழுத்தோ என்று நினைத்தபோது இஸ்ஸதீனுக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். "ஒங்களுக்கு என்ன பிடிச்சீக்கி? நாலு நாளா மொகம் சரியில்ல" என்றாள் ஸுலைஹா. சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்த மனுசிக்கிட்ட நடந்தத செல்லுங்க."

"செல்லி? என்ன நினைப்பாங்க என்னப் பத்தி?"

"மேடு விழுந்தா என்ன நினைப்பாங்க?" என்றாள் ஸுலைஹா. ஆனாலும் அவர் சொல்லப் போகவில்லை. நாளை, நாளை மறுநாள் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

தீபாவளிக்கு நாகலெட்சுமியின் மகள் கேஷிகா கொழும்பிலிருந்து வந்தாள். அங்கே ஒரு துணிக்கடையில் மூன்று வருடமாக வேலை. நாள் முழுக்கச் சிங்கள வாடிக்கையாளர்கள். வாசிக்கவும் பழகியிருந்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்த பொலித்தீன் பையை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

தீபாவளிக்கு மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. தாயும் மகளும் கடைக்குள் வந்தார்கள். கேஷிகா கடிதத்தை மேசையில் விரித்து விரலை வைத்தாள். "நானா, 'ஆட்சேபம் தெரிவிக்கவில்லை'ன்னு இங்க போட்டுருக்கு. அம்மா அப்புடிச் சொல்லலயாம். அப்ப இத யாரு சொன்னது?"

இஸ்ஸதீன் படங்குச் சுருளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்ல முடியாது. "நான் நல்லதுக்குத்தான் புள்ள அப்படிச் சொன்னேன். அதிகாரி கோவிச்சா ஒண்டும் நடக்காது. எத்தனையோ பேருக்கு அப்படிப் பேசித்தான் நான் வேலை முடிச்சுக் குடுத்தீக்கிறேன். முள்ள எடுத்துட்டுக் குடுத்தாத்தான்..."

"எங்க கோவத்த எடுத்துட்டா அதுல என்னா நானா மிச்சம் இருக்கு?" என்றாள் நாகலெட்சுமி. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு இலகுவாக இருந்திருக்கும். "செவரு பூசுறதுதான் இருக்கு. பூசுறதுக்கு ஆள் வந்துட்டாங்க, தெரியுமா? நேத்து சிமெந்து எறக்கிட்டாங்க. விழப்போற செவத்துக்குச் சிமெந்து."

"கடிதம் வந்த அண்டைக்கே சொல்லியிருப்பேன்..."

"சொல்லல. பரிசீலனைன்னு சொன்னீங்க."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிடிபட்ட மனிதனுக்கு வருகிற கோபம். "முப்பத்திநாலு வருசமா கடையப் போட்டுட்டு ஒங்களுக்காக ஓடுறேன். யார்கிட்டயாச்சும் ஒரு சதம் வாங்கியிருப்பேனா?"

"வாங்கியிருந்தா நல்லா இருந்துருக்கும் நானா. சரியாச் சொன்னீங்களான்னு கேட்டுருப்போம்." நாகலெட்சுமி கடிதத்தை மடித்தாள். "முப்பத்திநாலு வருசமா நாங்க என்னென்ன சொன்னோம், நீங்க என்னென்ன சொன்னீங்க, இனி யாருக்குத் தெரியும்?"

ரோட்டில் தலவாக்கலை பஸ் போனது. கேஷிகா நாளைக்கே கொழும்புக்குத் திரும்ப வேண்டும், லீவு இல்லை. புதன்கிழமை கந்தோரில் பொதுசனம் பார்க்கிற நாள் என்றும், அன்று போனில் தான் பேசுவதாகவும் அவள் தாயிடம் சொன்னாள்.

"வேணாம்" என்றாள் நாகலெட்சுமி. "கெடுத்தது இவரு. இவரே வரட்டும். வந்து நான் சொல்றத, நான் சொல்ற மாதிரியே சொல்லட்டும். ஒரு சொல்லு கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். வருவீங்களா?"

"வாறேன்" என்றார் இஸ்ஸதீன்.

செவ்வாய் பின்னேரமே வானம் கறுத்துவிட்டது. புதன்கிழமை காலை அவர் கடையைத் திறக்கவில்லை. பஸ்ஸில் நாகலெட்சுமி முன்னால் உட்கார்ந்தாள், அவர் பின்னால். கந்தோர் வாங்கில் இரண்டு மணிநேரம் காத்திருந்து உள்ளே போனபோது அந்த அதிகாரியே இருந்தார். இஸ்ஸதீனைக் கண்டதும் முகம் மலர்ந்து, உட்காருங்கள் முதலாளி, சுவர் வேலை தொடங்கிவிட்டார்களா என்று கேட்டார்.

நாகலெட்சுமி உட்காரவில்லை. பேசத் தொடங்கினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள். இஸ்ஸதீன் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெடிப்புக்குள் இப்போது கை இல்லை, முழங்கை நுழைகிறது என்றாள், சொன்னார். நீங்கள் மேலே ஏறி வந்து பார்க்கவில்லை, கீழே நின்று படம் எடுத்துவிட்டு எழுதினீர்கள் என்றாள். ஐயா என்ற சொல் தானாக இஸ்ஸதீனின் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் ஐயா என்று சொல்லவில்லை. விழுங்கிவிட்டுச் சொன்னார். உங்கள் பிள்ளையைக் கூட்டிவந்து ஒரு இரவு அங்கே படுக்க வையுங்கள் என்பதையும் சொன்னார். அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் புத்தகத்தை மூடவில்லை. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். இத்தனை வருடம் எதற்குப் பயந்தோமோ அது இவ்வளவுதானா என்று இஸ்ஸதீனுக்கு மனம் கசந்தது.

"இவ்வளவையும் போன முறை ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார் அதிகாரி. இஸ்ஸதீன் அதை அப்படியே தமிழில் கேட்டார்.

நாகலெட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தே பேசினாள். "சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். எனக்காகப் பேச வந்தவரு அதச் சொல்லல. அவருக்கு உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும். பன்னெண்டு வீட்டு உசுர வச்சி நல்ல பேரு வாங்கிட்டாரு. கடிதம் வந்தப்பயும் மறைச்சிட்டாரு. இதையும் எழுதச் சொல்லுங்க."

"மொனவத கியன்னே?" என்றார் அதிகாரி, என்ன சொல்கிறார் என்று.

சொல்ல வேறு வழிகள் இருந்தன. அவருக்கா தெரியாது? போன முறை ஒரு சிறிய விளக்கக் குறைவு ஏற்பட்டுவிட்டதாம் என்று சொல்லலாம். நல்ல சிங்களம், யாருக்கும் தொண்டையில் சிக்காது. அவள் கண் இமைக்காமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்காது என்பதுதான் அவரை வதைத்தது.

இஸ்ஸதீன் சொன்னார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எனக்காகப் பேச வந்தவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு உங்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வீட்டு உயிரை வைத்து நல்ல பெயர் வாங்கிவிட்டார். கடிதம் வந்தபோதும் மறைத்தார். இதையும் எழுதுங்கள். ஒரு சொல்லும் விடுபடவில்லை.

"யார் அவர்?" என்று கேட்டார் அதிகாரி.

"நான்தான்" என்றார் இஸ்ஸதீன்.

அதிகாரி குனிந்து எழுதத் தொடங்கினார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் நாகலெட்சுமி.

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

அவள் நன்றி சொல்லவில்லை, தலையும் ஆட்டவில்லை. ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"அப்ப இதையும் சொல்லுங்க. மழை நேத்து ராத்திரியே பிடிச்சிருச்சு."